கணினிக்குள் ஒற்றன்: உளவு மால்வேர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாதாரண வைரஸுக்கும் உளவு மால்வேருக்கும் என்ன வித்தியாசம்?

நோக்கம்தான். மால்வேர் என்பது தீங்கு செய்ய எழுதிய மென்பொருள். அதில் பணம் பறிக்க வரும் ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டி முடித்ததும் திரை முழுக்கத் தன் வரவை அறிவித்துவிடும். மிரட்டினால்தானே பணம் கிடைக்கும்? உளவு மால்வேருக்கு அந்தத் தேவை இல்லை. கணினி மெதுவாகக் கூடாது, கோப்பு எதுவும் காணாமல் போகக் கூடாது, யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. திருட்டு என்கிறோம், ஆனால் திருடுபோன பொருள் வைத்த இடத்திலேயே இருக்கும். நகல்தான் வெளியே போகிறது. பறிகொடுத்தவருக்கு மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருப்பது அதனால்தான்.

தொழில்நுட்பத்தில் பெரிய இடைவெளி இருப்பதாக நினைக்க வேண்டாம். 2009-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்த கோஸ்ட்நெட், 103 நாடுகளில் குறைந்தது 1,295 கணினிகளுக்குள் புகுந்திருந்தது. வெளியுறவு அமைச்சகங்கள், தூதரகங்கள், தர்மசாலாவில் இருக்கும் தலாய் லாமாவின் அலுவலகம் எல்லாம் அதில் உண்டு. இவ்வளவுக்கும் பயன்பட்டது கோஸ்ட் ரேட் என்ற கருவி. இணையத்தில் தேடினால் எவருக்கும் கிடைக்கக்கூடியது அது.

நான் சாதாரண ஊழியர். என் கணினியில் உளவு பார்க்க என்ன இருக்கிறது?

உங்களிடம் ரகசியம் இருக்க வேண்டியதில்லை. ரகசியம் வைத்திருப்பவர் உங்கள் மின்னஞ்சலை நம்பித் திறப்பார் என்றால் அதுவே போதும்.

2011 மார்ச்சில் ஆர்எஸ்ஏ என்ற பாதுகாப்பு நிறுவனத்துக்கு நடந்ததைப் பாருங்கள். இரண்டு சிறிய ஊழியர் குழுக்களுக்கு "2011 ஆள்சேர்ப்புத் திட்டம்" என்ற தலைப்பில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பெறுநர்கள் யாரும் பெரிய பதவியில் இருப்பவர்கள் அல்லர். அந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போனது. ஒருவர் அதை அங்கிருந்து எடுத்துத் திறந்தார். உள்ளே ஓர் எக்செல் கோப்பு, அதற்குள் ஃபிளாஷ் மென்பொருளில் அதுவரை யாரும் அறியாத ஓட்டையைப் பயன்படுத்தும் ஒரு துணுக்கு. அதன் வழியே பாய்சன் ஐவி என்ற தொலைக் கட்டுப்பாட்டுக் கருவி நிறுவப்பட்டது. அங்கிருந்து ஒவ்வொரு கணக்காக ஏறி, நிறுவனம் விற்கும் செக்யூர்ஐடி டோக்கன்கள் (உள்நுழையத் தேவைப்படும் மாறும் எண்ணைக் காட்டும் சிறு கருவிகள்) பற்றிய தகவலை எடுத்துப் போனார்கள். கதை அங்கே முடியவில்லை. அந்தத் தகவலைக் கொண்டு லாக்ஹீட் மார்ட்டின் என்ற போர் விமான நிறுவனத்தின் கதவைத் தட்டினார்கள். ஆர்எஸ்ஏ அவர்களுக்கு ஒரு படிக்கட்டு. அந்த ஊழியர் படிக்கட்டுக்குப் படிக்கட்டு.

உள்ளே எப்படி நுழைகிறது?

ஆர்எஸ்ஏ கதையில் வந்த வழிதான் இன்றைக்கும் அதிகம் நடமாடுவது: குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்து எழுதிய மின்னஞ்சல். பொதுவான மோசடி மின்னஞ்சலில் இருக்கும் பிழையும் அவசரமும் இதில் இருக்காது. நீங்கள் போகவிருக்கும் கருத்தரங்கின் பெயர், உங்கள் மேலாளரின் எழுத்து நடை, போன வாரம் நீங்களே தொடங்கிய உரையாடலின் தொடர்ச்சி என்று வரும். உங்கள் நண்பரின் கணக்கு ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தால், அனுப்புநர் முகவரியைச் சரிபார்த்தும் பயனில்லை. அது உண்மையான முகவரிதான்.

இன்னொரு வழி, நீங்கள் வழக்கமாகப் போகும் தளத்தில் காத்திருப்பது. ஒரு துறைக்காரர்கள் எல்லோரும் படிக்கும் சிறிய தளம் ஒன்றைக் கைப்பற்றி, வருபவர்களில் வேண்டியவருக்கு மட்டும் மால்வேரைக் கொடுப்பார்கள். மற்றவர்களுக்குத் தளம் எப்போதும்போல் தெரியும்.

யாரும் எதையும் கிளிக் செய்யாமலே நுழைவதும் உண்டு. 2021 தொடக்கத்தில், மைக்ரோசாஃப்ட் ஹாஃப்னியம் என்று பெயரிட்ட குழு, எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்களில் இருந்த ஓட்டைகள் வழியே நேரடியாகப் புகுந்தது. வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வர உதவும் விபிஎன் கருவிகள், போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால்கள் என இணையத்தைப் பார்த்து நிற்பவைகூட இப்படித்தான் அடிவாங்குகின்றன. காவலுக்கு வைத்த கருவியே வாசலாகிவிடுவது இந்தத் துறையில் பழகிப்போன எரிச்சல்.

ஆனால் ஆய்வாளர்களின் தூக்கத்தை உண்மையில் கெடுத்தது சோலார்விண்ட்ஸ். ஓரியன் என்ற நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளைத் தயாரிக்கும் இடத்திலேயே புகுந்து, 2020-ல் வெளியான அப்டேட்டுகளுக்குள் சன்பர்ஸ்ட் என்ற பின்வாசலைக் கலந்துவிட்டார்கள். கோப்பில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் முறையாக இருந்தது. ஏறக்குறைய 18,000 வாடிக்கையாளர்களுக்கு அந்த அப்டேட் போய்ச் சேர்ந்தது. அத்தனை பேரையும் அவர்கள் தொடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க அரசின் 9 துறைகளையும் ஏறக்குறைய 100 தனியார் நிறுவனங்களையும் பொறுக்கியெடுத்து, அங்கே மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். மற்ற இடங்களில் பின்வாசல் சும்மா கிடந்தது. சிறுகுற்றவாளிக்கு இந்த அடக்கம் வராது.

ஆண்டிவைரஸ் இருக்கிறதே, அது பிடிக்காதா?

ஏற்கெனவே பார்த்த ஒன்றைப் பிடிப்பதில் ஆண்டிவைரஸ் கெட்டிக்காரன். உங்களுக்காகவே செய்த ஒன்றை அது பார்த்திருக்க வாய்ப்பில்லை. அனுப்புவதற்கு முன்பு, சந்தையில் உள்ள ஆண்டிவைரஸ்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவதும் உண்டு.

அதைவிடத் தொல்லையானது வேறொன்று. இப்போதெல்லாம் பல தாக்குதல்களில் மால்வேர் என்று தனியாக ஒன்று மிகக் குறைவாகவே இருக்கிறது. விண்டோஸிலேயே இருக்கும் பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவி, பணித் திட்டமிடல், தொலை நிர்வாகக் கருவிகள் இவற்றைக் கொண்டே வேலையை முடித்துக்கொள்கிறார்கள். கணினிகளைப் பராமரிக்கும் நிர்வாகி தினமும் கொடுக்கும் அதே கட்டளைகள். எதை நச்சு என்று தடுப்பது? இன்னும் சில மால்வேர்கள் வட்டில் எதையும் எழுதாமல் நினைவகத்திலேயே வாழும். 2015-ல் ஆண்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கைக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்ட டூகூ 2.0 அப்படிப்பட்டது. ஒரு கணினியை ரீஸ்டார்ட் செய்தால் அது போய்விடும். பிறகு அதே நெட்வொர்க்கின் வேறொரு சர்வரிலிருந்து திரும்ப வந்துவிடும்.

சன்பர்ஸ்ட் இன்னும் நிதானம். நிறுவப்பட்டு இரண்டு வாரம் வரை அது எதுவுமே செய்யாது. சந்தேகக் கோப்புகளைச் சோதனைக் கணினியில் சில நிமிடங்கள் ஓட்டிப் பார்க்கும் முறையை ஏமாற்ற அதுவே போதும். கண்காணிப்புக் கருவிகள் ஏதாவது ஓடுகின்றனவா என்று பார்த்து, ஓடினால் வாயே திறக்காமல் இருந்துவிடும்.

உள்ளே வந்ததும் முதலில் என்ன செய்யும்?

திருடாது. சுற்றிப் பார்க்கும். இது யாருடைய கணினி, எந்த நிறுவனத்தின் நெட்வொர்க், யாருக்கு என்ன அனுமதி, பக்கத்தில் என்னென்ன சர்வர்கள் என்று குறித்துக்கொள்ளும். பிறகு, கணினி அணைந்து எழுந்தாலும் தானும் எழுவதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளும்: தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலில் ஒரு வரி, திட்டமிட்ட பணி ஒன்று, அல்லது நம்பகமான ஒரு நிரல் ஏற்றிக்கொள்ளும் நூலகக் கோப்புக்குப் பதிலாக அதே பெயரில் ஒரு போலி.

அப்புறம்தான் முக்கியமான வேலை: கடவுச்சொற்கள். விண்டோஸ் கணினியில் உள்நுழைந்தவர்களின் அடையாளச் சான்றுகள் நினைவகத்தில் தங்கியிருக்கும். அவற்றை மிமிகேட்ஸ் போன்ற கருவிகள் உருவிவிடும். ஒரு சாதாரண ஊழியரின் கணினியில் எப்போதோ ஒருநாள் ஏதோ பழுதுபார்க்க நிர்வாகி உள்நுழைந்திருந்தால், அவருடைய சாவியும் அகப்பட்டுக்கொள்ளலாம். நிர்வாகியின் சாவி கிடைத்துவிட்டால், அதன்பிறகு ஹேக்கிங் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. முறைப்படி உள்நுழைந்து, முறைப்படி கோப்புகளைத் திறக்கிறார்கள். பதிவேட்டில் விழும் பெயர் நிர்வாகியுடையது.

எதையெல்லாம் எடுக்கும்?

கேட்டால் வியப்பாக இருக்கும், பெரும்பாலும் மின்னஞ்சலும் அலுவலக ஆவணங்களும்தான். ஒரு நிறுவனத்தின் மூளை அங்கேதான் இருக்கிறது: ஒப்பந்தப் பேச்சு, வடிவமைப்பு வரைபடம், யாருக்கு யாரோடு ஒத்துவரவில்லை என்பதுவரை. வேர்ட், எக்செல், பிடிஎஃப், பொறியாளர்கள் கணினியில் வரையும் கேட் (CAD) வரைபடங்கள் எனக் கோப்பு வகையைச் சொல்லித் தேடச் சொல்வார்கள். சில நேரம் திட்டத்தின் பெயரையே தேடுசொல்லாகக் கொடுப்பார்கள்.

ஆவணமாக இல்லாததை எடுக்கவும் வழி உண்டு. கீலாகர் நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் பதியும். திரைப்பிடிப்பு குறிப்பிட்ட இடைவெளியில் உங்கள் திரையைப் படமெடுக்கும். 2012-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபிளேம், மத்திய கிழக்கில், குறிப்பாக ஈரானில் பரவியிருந்தது. அரட்டைச் செயலி போன்ற சுவையான ஏதாவது திறந்திருக்கும்போது அது அடிக்கடி படமெடுக்கும், மற்ற நேரம் எப்போதாவது. மைக்கை இயக்கி அறையில் நடக்கும் பேச்சைப் பதியும். புளூடூத் வழியே பக்கத்தில் இருக்கும் போன்களைத் துழாவும். எல்லாத் துணைப் பகுதிகளும் சேர்ந்து ஏறக்குறைய 20 எம்பி. மால்வேருக்கு அது யானை அளவு. விண்டோஸ் அப்டேட்போல் வேடமிட, மைக்ரோசாஃப்டின் சான்றிதழையே போலியாக உருவாக்கியிருந்தார்கள். அதற்குப் பயன்பட்ட கணிதம் உலகத் தரமானது என்று குறியாக்க அறிஞர்களே மலைத்தார்கள்.

இன்றைய நிலையில் நான் அதிகம் கவலைப்படுவது பிரவுசர் குக்கிகளைப் பற்றித்தான். கடவுச்சொல் கொடுத்து, போனில் வந்த எண்ணையும் கொடுத்து ஒரு தளத்துக்குள் போகிறீர்கள். "இவர் ஏற்கெனவே வந்துவிட்டார்" என்பதற்கான சீட்டு குக்கியாக உங்கள் கணினியில் இருக்கிறது. அதை நகலெடுத்தவரிடம் பெரும்பாலான தளங்கள் கடவுச்சொல்லும் கேட்பதில்லை, எண்ணும் கேட்பதில்லை.

விளக்கு எரியாமலே கேமராவை இயக்க முடியுமா?

சில கணினிகளில் முடியும். ஏறக்குறைய 2008 வரை வந்த மேக்புக் கணினிகளில் இதைச் செய்ய முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். பின்னால் வந்த பல கருவிகளில் கேமராவுக்கு மின்சாரம் போனால் விளக்கும் எரிந்தாக வேண்டும் என்று வன்பொருளிலேயே கட்டிவிட்டார்கள். ஒட்டுத்தாள் ஒட்டுவது நல்லதுதான், செலவில்லாதது. ஆனால் மைக்குக்கு ஒட்டுத்தாள் கிடையாது, உளவாளிக்குப் பெரும்பாலும் உங்கள் முகத்தைவிட உங்கள் பேச்சுதான் தேவை.

எல்லாம் என்கிரிப்ட் ஆகி, அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டுத்தானே போகிறது?

என்கிரிப்ஷன் வழியில் இருப்பவரிடமிருந்துதான் காக்கும். மால்வேர் உட்கார்ந்திருப்பது முனையில். நீங்கள் படிக்கும் அளவுக்குச் செய்தி திறந்திருந்தால் அதுவும் படிக்கும். வட்டு முழுவதையும் என்கிரிப்ட் செய்வதும் அப்படியே: கணினி தொலைந்துபோனால் கைகொடுக்கும், ஓடிக்கொண்டிருக்கும்போது உதவாது.

எடுத்ததை வெளியே எப்படி அனுப்புகிறார்கள்?

கோப்புகளை ஒரு மூலையில் சேர்த்து, சுருக்கி, கடவுச்சொல் போட்டு, துண்டுகளாக்கி அனுப்புவார்கள். பெரும்பாலும் அலுவலக நேரத்தில்தான் அனுப்புவார்கள். நள்ளிரவில் போனால் தனித்துத் தெரியும், கூட்டத்தோடு போனால் தெரியாது. சாதாரண இணையப் போக்குவரத்து போலவே என்கிரிப்ட் ஆகிப் போகும். சில குழுக்கள் எல்லோரும் பயன்படுத்தும் மேகச் சேமிப்புச் சேவைகளுக்கே ஏற்றிவிடுகின்றன. அந்த முகவரிகளை எந்த நிறுவனமும் தடுக்க முடியாது, ஊழியர்களே கூச்சல் போடுவார்கள். இன்னும் கெடுபிடியான இடங்களில், தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றக் கேட்கும் டிஎன்எஸ் வினவல்களுக்குள் துளித்துளியாகத் தகவலை ஒளித்து அனுப்புவார்கள். மிக மெதுவான வழி. ஆனால் அவர்களுக்கு அவசரமில்லை.

கட்டளை வரும் வழியும் இதே தந்திரம்தான். மால்வேர் தானாகவே இடைவெளி விட்டுவிட்டு வெளியே உள்ள சர்வரைக் கூப்பிட்டு "ஏதாவது வேலை உண்டா?" என்று கேட்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பை ஃபயர்வால் தடுக்கும். உள்ளேயிருந்து போகும் அழைப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும். அந்த சர்வரின் முகவரியை மறைப்பதில் டர்லா என்ற குழுவை மிஞ்ச ஆளில்லை. பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் இன்ஸ்டாகிராம் படம் ஒன்றின் கீழே அபத்தமான ஒரு பின்னூட்டம் இருந்தது. மால்வேர் பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு, சரியானது கிடைத்ததும் அதற்குள் ஒளிந்திருந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். 2017-ல் ஈசெட் நிறுவனம் இதைக் கண்டுபிடித்தது. பின்னூட்டத்தை அழித்தால் தடயமும் போச்சு.

இணையமே இல்லாத கணினி பாதுகாப்பானதா?

கஷ்டப்படுத்தும், தடுத்துவிடாது. இணையம் இல்லாத கணினிக்கும் கோப்புகள் போய்த்தானே ஆக வேண்டும்? பென் டிரைவில் போகின்றன. 2008-ல் அமெரிக்க ராணுவத்தின் ரகசிய நெட்வொர்க்குக்குள் ஏஜென்ட் பிடிஇசட் என்ற புழு அப்படித்தான் புகுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் பென்டகன் பென் டிரைவுகளையே தடைசெய்தது. ஈக்வேஷன் என்று பெயரிடப்பட்ட குழுவின் ஃபேனி புழு, பென் டிரைவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியை உருவாக்கும். இணையமில்லாத கணினியின் விவரத்தை அதில் எழுதிக்கொள்ளும். அதே டிரைவை இணையம் உள்ள கணினியில் செருகியதும் விவரம் வெளியே போய்விடும்.

இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் மோர்டெகாய் குரி என்ற ஆய்வாளர், மின்விசிறியின் ஓசை, வட்டு விளக்கின் மினுக்கல் இவற்றின் மூலம்கூடத் தகவலைக் கடத்திக் காட்டியிருக்கிறார். படிக்க அருமையாக இருக்கும். நடைமுறையில் பென் டிரைவைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும்.

எவ்வளவு நாள் தெரியாமல் இருக்க முடியும்?

மாண்டியன்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2013-ல் ஏபிடி1 என்ற உளவுக் குழுவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், அந்தக் குழு புகுந்த 141 நிறுவனங்கள் இருந்தன. சராசரியாக 356 நாட்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள். அதிகபட்சம் 1,764 நாட்கள், அதாவது ஐந்து ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே நிறுவனத்திலிருந்து பத்து மாதத்தில் 6.5 டெராபைட் போயிருக்கிறது.

அதே நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளில், ஊடுருவல் கண்டுபிடிக்கப்படும்வரை ஆகும் நாட்களின் இடைநிலை அளவு 2011-ல் 416 ஆக இருந்தது, 2023-ல் 10 ஆகக் குறைந்தது. இதைப் பார்த்து ரொம்ப மகிழ வேண்டாம். ரான்சம்வேர் தாக்குதல்கள் பெருகியதும் ஒரு காரணம். அவை தாமே வந்து சொல்லிவிடுவதால் கணக்கு இறங்கித் தெரிகிறது. மறுபக்கம், டர்லாவின் ஸ்னேக் மால்வேர் ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தது. 2023 மே மாதம்தான் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஸ்னேக்கின் மொழியிலேயே அதற்குக் கட்டளை அனுப்பி, அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்தது.

கடைசியில் எப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்?

பெரும்பாலும் சின்ன விஷயத்தில். சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்றான ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பெயரில், உள்நுழைவை உறுதிசெய்ய இரண்டாவதாக ஒரு போன் பதிவாகியிருந்தது. பாதுகாப்புக் குழு கூப்பிட்டுக் கேட்டது, "இது உங்களுடையதா?" இல்லை என்றார். அந்த ஒற்றைக் கேள்வியிலிருந்து 2020 டிசம்பரில் எல்லாம் அவிழ்ந்தது.

யார் செய்தார்கள் என்பது வேறு கேள்வி, கடினமானது. நிரல் எழுதப்பட்ட நேரம், வேலை நேரம், விடுமுறை நாட்கள், திரும்பத் திரும்பப் பயன்படும் சர்வர்கள் இவற்றை வைத்து ஊகிக்கிறார்கள். ஏபிடி1 அறிக்கை ஷாங்காயில் உள்ள சீன ராணுவத்தின் 61398 பிரிவைக் கைகாட்டியது, 2014-ல் அமெரிக்கா அதன் ஐந்து அதிகாரிகள்மீது குற்றம்சாட்டியது. ஆனால் தடயத்தை வேண்டுமென்றே மாற்றி வைப்பவர்களும் உண்டு. 2018 குளிர்கால ஒலிம்பிக்கைக் குலைக்க வந்த ஒலிம்பிக் டெஸ்ட்ராயரில் வட கொரியக் குழுவின் அடையாளங்கள் போலியாகப் பதிக்கப்பட்டிருந்தன. பின்னர் அமெரிக்கா குற்றம்சாட்டியது ரஷ்ய ராணுவ உளவுத் துறையினரை. "இது இன்ன நாடுதான்" என்று முதல் நாளே சொல்லும் செய்தியைக் கொஞ்சம் ஆறப்போட்டுப் படியுங்கள்.

ஃபார்மட் செய்தால் போய்விடுமா?

பெரும்பாலும் போகும். விதிவிலக்குகள் உண்டு: 2018-ல் கண்டறியப்பட்ட லோஜாக்ஸ், கணினி எழும்போது முதலில் ஓடும் ஃபர்ம்வேருக்குள் குடியிருந்தது. வட்டையே மாற்றினாலும் அது அசையாது. ஈக்வேஷன் குழு வட்டின் சொந்த ஃபர்ம்வேரையே மாற்றி எழுதியது. ஆனால் இவை அரிது. ஃபார்மட் செய்தும் அவர்கள் திரும்பி வருவதற்கு அன்றாடக் காரணம் வேறு: கடவுச்சொற்கள் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கின்றன, யாரும் மாற்றவில்லை.

போனுக்கும் இது உண்டா?

உண்டு, பெகாசஸ் அதன் பிரபலமான உதாரணம். இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு விற்கும் கருவி அது. 2019-ல் வாட்ஸ்அப் அழைப்பு வழியே சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள்; அழைப்பை எடுக்க வேண்டிய தேவைகூட இல்லை. குறிவைக்கப்படலாம் என்று நினைக்க உங்களுக்குக் காரணம் இருந்தால், ஐபோனில் இருக்கும் லாக்டவுன் பயன்முறையை (தாக்குதலுக்கு வழியாகக்கூடிய சில வசதிகளை முடக்கும் அமைப்பு) போட்டு வையுங்கள்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. என்ன செய்வது?

அந்தக் கணினியிலிருந்து யாருக்கும் அதைப் பற்றி எழுதாதீர்கள். அவர்கள் படித்துக்கொண்டிருக்கலாம். நெட்வொர்க் இணைப்பைத் துண்டியுங்கள், ஆனால் கணினியை அணைக்க வேண்டாம். நினைவகத்தில் மட்டும் இருக்கும் தடயம் அணைத்தால் போய்விடும். வேறொரு கருவியிலிருந்து பாதுகாப்புக் குழுவுக்குச் சொல்லுங்கள். கடவுச்சொற்களை மாற்றுவதும் வேறொரு கருவியிலிருந்துதான். மாற்றும்போது "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள், திருடுபோன குக்கிகள் அப்போதுதான் செத்துப்போகும். மின்னஞ்சலில் வரும் அஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி, நீங்கள் வைக்காதது ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் பார்க்க மறப்பது அதைத்தான்.

முன்கூட்டியே எதைச் செய்தால் பயன் அதிகம்?

அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். சோலார்விண்ட்ஸுக்குப் பிறகும் இதைத்தான் சொல்வேன், அப்டேட் வழியே வந்த தாக்குதல்களைவிட அப்டேட் செய்யாததால் வந்தவை மிக அதிகம். முக்கியக் கணக்குகளுக்கு வன்பொருள் சாவி (உள்நுழையும்போது கணினியில் செருகும் சிறு கருவி) வையுங்கள், போலித் தளத்தில் அது வேலை செய்யாது. தினசரி வேலைக்கு நிர்வாகி கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். இணையத்திலிருந்து வந்த ஆவணங்களில் மேக்ரோக்களை, அதாவது ஆவணத்துக்குள் ஓடும் சிறு நிரல்களை, முடக்கி வையுங்கள்.

நெட்வொர்க்கை நிர்வகிப்பவராக இருந்தால் இன்னொன்று: வெளியே போகும் போக்குவரத்தின் பதிவுகளை, குறிப்பாக டிஎன்எஸ் பதிவுகளை, ஓர் ஆண்டுக்காவது சேமித்து வையுங்கள். 2020 டிசம்பரில் சன்பர்ஸ்ட் கூப்பிட்ட முகவரி வெளியானபோது, பழைய பதிவுகள் வைத்திருந்தவர்கள் வசந்த காலத்திலிருந்தே தங்கள் சர்வர் அதோடு பேசியதா என்று தேடிப் பார்த்துச் சொல்ல முடிந்தது. முப்பது நாள் பதிவு மட்டும் வைத்திருந்தவர்களால் சொல்ல முடியவில்லை.